கணிப்பொறிக்குள் ஒரு கைபேசி: இணைப்பு எங்கே அறுகிறது?

கைபேசிக்குச் செயலி எழுதுவோர் அனைவரிடமும் எல்லா வகைக் கைபேசிகளும் இருப்பதில்லை. எனவே, கணிப்பொறிக்குள்ளேயே மென்பொருளால் ஒரு கைபேசியை உருவாக்கி அதில் சோதித்துப் பார்க்கின்றனர். இதனை எமுலேட்டர் என்பர். ஜெனிமோஷன் என்னும் எமுலேட்டர், விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளின் துணையோடு இயங்கக் கூடியது. ஒரு கணிப்பொறிக்குள் வேறு கணிப்பொறிகள் இருப்பதுபோல் இயக்கிக் காட்டுவது விர்ச்சுவல்பாக்ஸின் வேலை. திரையில் கைபேசி பளிச்சென்று தெரியும். ஆனால் செயலியை அனுப்பினால் கருவி எதுவும் இணைக்கப்படவில்லை என்று செய்தி வரும். இது ஏன்?

கண்ணுக்கு ஒரே பெட்டியாகத் தெரிந்தாலும், இங்கே இருப்பவை இரண்டு கணிப்பொறிகள். ஒரே வளாகத்திலுள்ள இரு வீடுகளைப் போல, இரண்டுக்கும் தனித்தனி முகவரி உண்டு. விர்ச்சுவல்பாக்ஸின் உள்வலையில் தாய்க் கணிப்பொறி வழக்கமாக 192.168.56.1 என்ற முகவரியைப் பெறும்; கைபேசிக்கு 192.168.56.101 போன்ற ஒன்று கிடைக்கும். முதலில், தாய்க் கணிப்பொறியிலிருந்து அந்த முகவரிக்குப் 'பிங்' கட்டளை கொடுத்துப் பாருங்கள். பதில் வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் உள்வலையில்தான். செயலியைத் திருத்திக்கொண்டிருப்பது வீண். 2021இல் வந்த 6.1.28 பதிப்பு முதல், லினக்ஸ், மேக் கணிப்பொறிகளில் 192.168.56.0 முதல் 192.168.63.255 வரையுள்ள முகவரிகளை மட்டுமே விர்ச்சுவல்பாக்ஸ் இயல்பாக ஏற்கிறது. பழைய அமைப்பில் வேறு எண் இருந்தால் இணைப்பு அறுந்துவிடும்.

பிங் பதில் தருகிறது, ஆனாலும் கைபேசி பட்டியலில் இல்லை என்றால், ஏ.டி.பி. என்னும் தூதனைக் கவனிக்க வேண்டும். இதில் ஒரு பகுதி தாய்க் கணிப்பொறியின் 5037ஆம் வாயிலில் அமர்ந்திருக்கிறது. மற்றொன்று கைபேசியின் 5555ஆம் வாயிலில். ஜெனிமோஷனிடம் ஒரு ஏ.டி.பி.யும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவிடம் வேறு பதிப்பு ஏ.டி.பி.யும் இருந்தால், பின்னால் வருவது முன்னதை நிறுத்திவிடும். இணைப்பு வந்து வந்து போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். இரண்டும் ஒரே பிரதியைப் பயன்படுத்துமாறு ஜெனிமோஷனின் அமைப்பில் மாற்றிவிட்டால் சண்டை தீரும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். செயலி, தாய்க் கணிப்பொறியில் ஓடும் சர்வரை 127.0.0.1 என்ற முகவரியில் தேடும். ஆனால் கைபேசிக்குள் அந்த எண் கைபேசியையே குறிக்கும்! தன் வீட்டுக் கதவைத் தானே தட்டுவது போலத்தான். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் எமுலேட்டரில் தாய்க் கணிப்பொறியைக் குறிக்கும் எண் 10.0.2.2, ஜெனிமோஷனில் 10.0.3.2.

எதுவும் பலிக்காதபோது காப்புச் சுவரை முழுவதும் நீக்கிவிடச் சிலர் யோசனை சொல்வர். அதைக் கேட்க வேண்டாம். 2018இல், 5555ஆம் வாயில் இணையத்துக்குத் திறந்து கிடந்த ஆண்ட்ராய்டு கருவிகளைத் தேடிப் புகுந்து, அவற்றை இணைய நாணயம் ஈட்டும் கணக்குகளைப் போட வைத்த புழு நிரல் ஒன்று பரவியது. உள்வலைக்கு மட்டும் வாயிலைத் திறந்தால் போதும்.