இடரின்மேல் இடர்

‘பட்ட காலிலே படும்’ என்பது நாட்டில் வழங்கும் பழமொழி. அடிபட்ட காலிலேயே மீண்டும் அடிபடுவது ஊழ்வினை என்று கூறி அமைவோர் உளர். உண்மையில், புண்பட்ட காலை நன்கு உயர்த்தி வைத்து நடக்க இயலுவதில்லை. ஆகவே அதுவே மீண்டும் கல்லில் மோதுகிறது. ஊர்களுக்கு நேரும் இடர்களும் இத்தகையனவே. முன்வந்த இடர், பின்வரும் இடருக்கு வழி செய்து வைத்துவிட்டே போகிறது.

இதனைக் காண்பதற்குக் கம்பம் பள்ளத்தாக்கும் அதனைச் சூழ்ந்த தேனி மாவட்டமும் ஏற்ற இடங்களாகும். மேற்கே மலைத்தொடர் வானளாவ நிற்கின்றது. அதன் அடியில் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மலையின் மேற்குச் சரிவிலேயே பெய்து தீர்ந்துவிடுகிறது. எனினும், பெரியாற்று அணையில் தேங்கும் அந்நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இப்பால் வந்து, பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நன்செய்யை விளைவிக்கிறது.

இவ்வணையைக் கட்டும் பணியை விரைவுபடுத்தியது ஒரு பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அதனைத் தாது வருடப் பஞ்சம் என்பர். மழை பொய்த்தமை மட்டுமே அத்தனை உயிர்களையும் கொள்ளைகொள்ளவில்லை. விளைவு குன்றவே விலை ஏறியது. தானியம், விலை கொடுக்க வல்லாரை நாடி வெளியே சென்றது. உழவு மாடுகள் மடிந்தன. குடிநீர் கெட்டு வாந்திபேதி பரவியது. பின்னர் மழை பெய்தபோதும் துன்பம் தீரவில்லை. உண்ணாது மெலிந்திருந்த உடல்களை, மழையை அடுத்து வந்த காய்ச்சல் எளிதில் வீழ்த்தியது. மாடு இழந்த உழவனுக்குப் பெய்த மழையும் முழுப்பயன் தரவில்லை. வறட்சியைத் தனியாகவும் காய்ச்சலைத் தனியாகவும் எண்ணிப் பார்ப்பவனுக்கு இவ்வழிவின் அளவு விளங்காது.

பொறியாளர் பென்னிகுயிக்கின் தலைமையில் 1887இல் தொடங்கிய அணைவேலையிலும் இதுவே நிகழ்ந்தது. வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை அடித்துச் சென்றது. காய்ச்சலும் வாந்திபேதியும் தொழிலாளர் பலரை மாய்த்தன. இவற்றையெல்லாம் கடந்து 1895இல் அணை திறக்கப்பட்டது.

அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று இதனினும் தெளிவாக இவ்வுண்மையைக் காட்டும். 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள், போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டது. கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் அதனிடையே அகப்பட்டனர். இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடையில் அம்மலையில் தீப்பற்றுவது புதிதன்று. அன்று பல கேடுகள் ஒருங்கே கூடின. புல் காய்ந்திருந்தது; காற்று வீசியது; சரிவில் தீ மனிதனைவிட விரைந்து மேலேறியது. பாதை அறியாதோர் பள்ளத்தில் வீழ்ந்தனர். அதற்குள் இருளும் சூழ்ந்தது. வண்டி செல்லும் வழியில்லாத அம்மலையில், காயமுற்றோரைச் சுமந்து கொணர மலையடி ஊராரே முதலில் ஓடினர். விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் மீட்புப் பணிக்கு வந்தன. இக்கேடுகளுள் ஒன்று குறைந்திருப்பினும் உயிர்கள் சில எஞ்சியிருக்கக் கூடும். அதன்பின் அவ்வாண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழக அரசு வகுத்தது. தீ மூளும் பருவத்தில் மலைவழிகளை அடைத்து வைப்பதும் இந்நோக்கம் பற்றியதே. எரியும் புல்லையும் வீசும் காற்றையும் தடுத்தல் அரிது. அவற்றினிடையே மனிதர் செல்லாமல் தடுத்தல் எளிது.

தீ அணைந்தவுடன் கேடு முடிந்ததென்று எண்ணுதல் பிழை. புல்லும் சருகும் வெந்த சரிவில் மழைத்துளி நேரே மண்ணைத் தாக்கும். கடுந்தீ பட்ட மண் நீரை எளிதில் உறிஞ்சுவதில்லை. நீர் மேலோடி மண்ணை வாரிச் செல்லும். குரங்கணிப் பக்கத்து நீர் கொட்டகுடியாற்றில் இறங்கி, முடிவில் வைகை அணையை அடைகிறது. ஆற்றோடு வரும் மண் அணையில் வண்டலாகப் படியும். படிந்த அளவுக்கு நீர் தேங்கும் இடம் குறையும். குறைந்த இடத்தில் அடுத்த வெள்ளமும் அடங்காது, அடுத்த வறட்சிக்கு வேண்டும் நீரும் நில்லாது. அரசு ஏடுகளில் தீ ஒரு துறைக்கும் வெள்ளம் மற்றொரு துறைக்கும் உரியவை. மலைச்சரிவோ துறைப் பிரிவினையை அறியாது.

ஆகவே இடரை மதிப்பிடுவோர், ‘தீ எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும்? பெருமழை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பெய்யும்?’ என்று கேட்பதோடு நிற்றல் ஆகாது. ‘தீயுண்ட சரிவில் பெருமழை பெய்யின் யாது நேரும்?’ என்பதே கேட்கத்தக்க வினா. கோடைத்தீக்கும் ஐப்பசி மழைக்கும் இடையே சில திங்கள் உள்ளன. அக்காலத்தில் ஓடைகளில் கல்லடுக்கித் தடுப்பணை அமைக்கலாம். சரிவின் குறுக்கே வரப்பிடலாம். புல் முளைத்துத் தழையும் வரை மேய்ச்சலை விலக்கலாம். இரு இடர்களுக்கிடையே கிடைக்கும் இவ்விடைவெளியே மக்கள் கையில் உள்ளது.

ஐப்பசியில் மற்றோர் ஆபத்தும் உண்டு. தென்மேற்குப் பருவத்து நீரால் அணைகள் நிறைந்திருக்கும் ஆண்டில், வடகிழக்குப் பருவமழை அவற்றின்மேல் வந்து பெய்யும். வெறும் அணை ஏற்கும் மழையை நிறைந்த அணை ஏற்காது. வெள்ளத்திற்கு அஞ்சி முன்னரே நீரை வெளியேற்றினால், மழை பொய்க்குங்கால் வயல் காயும். பெரியாற்று அணையில் இன்ன காலத்தில் இன்ன அளவே நீர் தேக்கலாம் என்று கால அளவு வகுத்திருப்பது, இவ்விரண்டு அச்சங்களையும் ஒருங்கே எடைபோட்ட முயற்சியாகும்.

1959இல் திறக்கப்பட்ட வைகை அணையில் 71 அடி வரை நீர் தேக்கலாம். நீர்மட்டம் 66 அடியை எட்டியதும் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை விடப்படுகிறது. 68.5 அடியில் இரண்டாம் எச்சரிக்கையும், 69 அடியில் மூன்றாம் எச்சரிக்கையும் விடப்படுகின்றன. முதல் எச்சரிக்கைக்கும் மூன்றாவதற்கும் இடையே உள்ளவை மூன்று அடிகளே. அம்மூன்று அடி நீர் ஏறுவதற்குள் ஆற்றுப்படுகையில் மேயும் மாடுகளை ஓட்டி வருவர். கரையோரக் குடிசையில் இருப்போர் தம் நெல்லையும் குழந்தைகளையும் மேட்டிற்குக் கொண்டு சேர்ப்பர்.