அசல் வராத சந்தை

பழைய வீடியோ கேம்களுக்கு மீண்டும் ஒரு மவுசு வந்திருக்கிறது. டீவியில் செருகும் சிறு 'கேம் ஸ்டிக்', கைக்குள் அடங்கும் '400 இன் 1' பெட்டி, கறுப்பு மஞ்சள் கசெட்டுகளை நினைவூட்டும் புதிய கசெட்டுகள் என்று கண்டி நகரம் முதல் கட்டுகஸ்தோட்டை, மடவளை, அக்குறணை வரை இந்தச் சாமான்கள் கைமாறுகின்றன. இணையத்தில் கட்டளையிட்டால் வீட்டு வாசலுக்கே வருகின்றன. இவற்றில் பெரும்பாலானவை ஆட்டங்களை உருவாக்கியவர்களின் அனுமதி பெறாதவை. இதை வெறும் திருட்டு வியாபாரம் என்று சொல்லி முடிப்பது எளிது. ஆனால் நாற்பது ஆண்டுச் சரித்திரத்தைப் பார்த்தால், நகல் எங்கே தழைத்தது, எங்கே தோற்றது என்பதைத் தீர்மானித்ததில் பொலிஸாரின் பங்கு சிறியது. அசல் கம்பனியின் முகவர் அந்த ஊருக்கு வந்தாரா, வந்தவர் மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்றாரா என்பதுதான் பெரும்பாலும் அதைத் தீர்மானித்திருக்கிறது.

நகலின் பிறப்பிலிருந்து தொடங்குவோம். ஜப்பானின் நின்டெண்டோ 1983 ஜூலையில் 'ஃபேமிகாம்' என்ற விளையாட்டுக் கருவியை 14,800 யென்னுக்கு வெளியிட்டது. உள்ளே இருந்தவை எளிமையான பாகங்கள்: 6502 என்ற பிரபலமான சிப்பை அடிப்படையாகக் கொண்டு ரிக்கோ கம்பனி செய்த ஒரு செயலி, படம் வரைவதற்கென்று இன்னொரு சிப், 2 கிலோபைட் நினைவகம். அனுமதியில்லாத கசெட்டைத் தடுக்கும் பூட்டு எதுவும் அதில் இருக்கவில்லை. 1985இல் அமெரிக்காவுக்குப் போனபோதுதான் நின்டெண்டோ அந்தப் பூட்டை ஒரு சிப்பாகச் சேர்த்தது. தாய்வானில் பூட்டில்லாத அந்த ஜப்பானிய வடிவத்தைப் பிரித்துப் பார்த்துப் படித்துவிட்டார்கள். யுஎம்சி என்ற பெரிய சிப் உற்பத்தியாளர் இரண்டு முக்கிய சிப்புகளுக்கும் மாற்றுச் சிப்புகளை அச்சடித்தார். பின்னர் முழுக் கருவியும் ஒரே சிப்புக்குள் அடங்கியது. அந்தச் சிப்பின் மேல் கறுப்புப் பசையை ஊற்றி மலிவான பலகையில் ஒட்டினார்கள். சில டொலர் செலவில் ஒரு டீவி கேம் தயாரானது. உலகத்தில் பாதி நாடுகளின் பிள்ளைகள் மரியோவையும் கொன்ட்ராவையும் விளையாடியது இந்தப் பலகைகளில்தான்.

இலங்கைக்கு இது ஏன் பொருந்தியது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. நம் நாட்டுக்குத் தொலைக்காட்சி 1979இல் வந்தது. ஜப்பானின் உதவியில் ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. ஆனால் நாம் ஏற்றுக்கொண்டது ஜப்பானின் என்டிஎஸ்சி முறையை அல்ல, ஐரோப்பாவின் பால் முறையை. ஆகவே ஜப்பானிலிருந்து ஒருவர் அசல் ஃபேமிகாமைக் கொண்டுவந்திருந்தாலும் இங்குள்ள டீவியில் அது ஒழுங்காகத் தெரிந்திராது. அதன் அடெப்டரும் 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருகிப்போகும். ஐரோப்பாவுக்கென்று நின்டெண்டோ செய்த பால் கருவியிலும் ஒரு குறை இருந்தது. திரை நொடிக்கு 60 முறை மாறும் கணக்கில் எழுதப்பட்ட ஆட்டங்கள் அங்கே 50 முறைக்கு இறங்கியதால், தனியாகத் திருத்தப்படாதவை ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, இசையும் இழுபட்டு ஓடின. தாய்வான் பொறியியலாளர்கள் இதைக் கவனித்தார்கள். செயலியின் வேகத்தை ஜப்பானிய வேகத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் இடையிலுள்ள வெற்று நேரத்தை நீட்டி, ஜப்பானியக் கசெட்டுகள் பால் டீவியில் ஏறக்குறைய பழுதின்றி ஓடும்படி தங்கள் சிப்பை அமைத்தார்கள். அசல் கம்பனி கண்டுகொள்ளாத வாடிக்கையாளரை நகல் செய்தவர் கண்டுகொண்டார். புறக்கோட்டை மொத்தக் கடைகள் வழியாக வந்த பெட்டிகளும் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களின் பயணப் பெட்டிகளில் வந்தவையும் மலைநாட்டு வீடுகளில் செருகியவுடன் வேலை செய்தன. நின்டெண்டோவின் பெயர்ப்பலகை மாட்டிய முகவர் கடை கண்டி வீதிகளில் இருக்கவில்லை.

முகவர் வந்தால் போதுமா என்றால், போதாது என்பதற்கு இந்தியா பக்கத்துச் சான்று. அங்கே நின்டெண்டோவின் கருவி சாமுராய் என்ற பெயரில் அனுமதியுடன் விற்கப்பட்டது. சேகா கம்பனி 1995இல் ஷா வாலஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து மெகா டிரைவ் என்ற தன் கருவியைக் கொண்டுவந்தது. அப்போது இறக்குமதித் தீர்வை 80 சதவீதம். அதைச் சமாளிக்கத்தான் உள்ளூர் நிறுவனத்துடன் கைகோத்தார்கள். அப்படியும் விலை 18,000 இந்திய ரூபாயில் நின்றது. ஒரு நடுத்தரக் குடும்பத்தின் பல மாதச் சம்பளம் அது. அதே காலத்தில் சென்னையிலும் தில்லியிலும் சாதாரணக் குடும்பம் வாங்கியது தாய்வான் சிப் போட்ட டீவி வீடியோ கேம்களைத்தான். பெயரளவில் முகவர் இருந்தார், ஆனால் சந்தை அவரைத் தொடவே இல்லை. ஆகவே உரிமம், ஒப்பந்தம், முத்திரை ஆகியவற்றை மட்டும் வைத்து அசல் வென்றுவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை.

என்ன செய்தால் வெல்லும் என்பதைப் பிரேசில் காட்டுகிறது. என் வாதத்துக்கு அதைவிடச் சுத்தமான சோதனை வேறொன்றில்லை, ஏனென்றால் ஒரே நாடு, ஒரே தீர்வைச் சட்டம், ஒரே வாடிக்கையாளர். இரண்டு கம்பனிகள் மட்டும் இரண்டு வழியில் போயின. வெளிநாட்டு மின்னணுப் பொருட்களைக் கடுமையாகத் தடுத்து வைத்திருந்த பிரேசிலில் நின்டெண்டோ 1993 வரை முறையாகக் கால் வைக்கவில்லை. அந்த இடைவெளியில் அதன் கருவிக்கு உள்ளூரில் நகல்கள் வரிசையாக முளைத்தன. அவற்றில் ஒன்றான 'பேன்டம் சிஸ்டம்' கிரேடியென்ட்டே என்ற மரியாதைக்குரிய மின்னணுக் கம்பனியின் தயாரிப்பு. கடைசியில் நின்டெண்டோ அதே கிரேடியென்ட்டேயைக் கூட்டாளியாக்கித்தான் அந்த நாட்டுக்குள் நுழைந்தது. சேகாவோ 1989இலேயே டெக்டோய் என்ற உள்ளூர் விளையாட்டுப் பொருள் கம்பனியிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டது. டெக்டோய் பெட்டியை இறக்கி விற்பதோடு நிற்கவில்லை. மாஸ்டர் சிஸ்டம் என்ற சேகா கருவியை அங்கேயே பொருத்தியது. 'பேன்டஸி ஸ்டார்' என்ற நீண்ட கதை ஆட்டத்தைப் போர்த்துக்கேய மொழியில் கொடுத்தது. பிரேசில் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த மோனிகா என்ற சித்திரக் கதைச் சிறுமியை ஒரு ஜப்பானிய ஆட்டத்தின் நாயகியாக்கி 1991இல் வெளியிட்டது. விளைவு என்ன? உலகின் மற்ற மூலைகளில் மறக்கப்பட்ட சேகாவின் மாஸ்டர் சிஸ்டம் பிரேசிலில் பல பத்தாண்டுகள் விற்றது. 2016 வரையிலான விற்பனை 80 இலட்சம் என்பது அந்த நிறுவனம் சொல்லும் கணக்கு. நின்டெண்டோவின் இடத்தை நகல்கள் பிடித்தன. சேகாவின் இடத்தைச் சேகாவே பிடித்தது.

ரஷ்யாவில் கதை தலைகீழாக நடந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்த மறு ஆண்டான 1992இன் முடிவில் ஸ்டீப்லர் என்ற கணினிக் கம்பனி தாய்வான் நகலை 'டென்டி' என்ற பெயரில், ஒரு யானைக்குட்டிச் சின்னத்துடன் சந்தைக்கு விட்டது. விளம்பரம், கடைகள், பழுதுபார்க்கும் வசதி, தொலைக்காட்சி நிகழ்ச்சி என்று ஓர் அதிகாரபூர்வ முகவர் செய்ய வேண்டிய அத்தனையையும் நகல் விற்றவர்கள் செய்தார்கள். பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. 1994இல் நின்டெண்டோ வழக்குப் போடவில்லை. ஸ்டீப்லருடன் ஒப்பந்தம் செய்து, டென்டி மீதான கோரிக்கைகளைக் கைவிட்டு, தனது அடுத்த கருவியான சூப்பர் நின்டெண்டோவை விற்கும் உரிமையை அவர்களிடமே கொடுத்தது. தன் பொருளுக்கு அந்த நாட்டில் சந்தையை உண்டாக்கியவர் யார் என்பதை அந்தக் கம்பனியே ஒப்புக்கொண்ட தருணம் அது.

இதற்கு நேர்மையான மறுப்பு ஒன்று உண்டு. எவ்வளவு காரணம் சொன்னாலும், ஆட்டத்தை யோசித்து, வரைந்து, இசையமைத்தவருக்கு ஒரு சதமும் போகவில்லையே. விலை அதிகம் என்பதற்காகப் பிறர் உழைப்பை எடுத்துக்கொள்ளலாமா? எடுத்துக்கொள்ளக் கூடாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. பிறர் உரிமையை மீறி விற்பது ஹறாம் ஹலால் பார்க்கும் வியாபாரிக்கும் உறுத்த வேண்டிய விடயம். இந்தப் பழக்கத்தின் நட்டம் நின்டெண்டோவுக்கு மட்டும் உரியதல்ல. ஆயிரம் ஆட்டம் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் என்று வளர்ந்த தலைமுறை, நாளைக்குக் கொழும்பிலோ கண்டியிலோ ஓர் இளைஞர் குழு செய்யும் ஒரே ஆட்டத்துக்குக் காசு கொடுக்கத் தயங்கும். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் தவறு என்று சொல்வதும் அது ஏன் நடக்கிறது என்று சொல்வதும் ஒன்றையொன்று ரத்துச் செய்வதில்லை. விற்பதற்கே வராத பொருளை வாங்காமல் விட்டார்கள் என்று வாடிக்கையாளரைக் குற்றம் சாட்ட முடியாது. சட்டத்தைக் கடுமையாக்கினால் புறக்கோட்டையில் ஒரு கடை பூட்டப்படும். அசல் அலமாரியில் வந்து உட்காராது.

இலங்கை சிறிய சந்தை, இதற்கென்று ஒரு பெரிய கம்பனி முகவரை வைக்குமா என்றும் கேட்கலாம். கசெட் காலத்தில் இது நியாயமான கேள்வி. கப்பல், களஞ்சியம், கடை எல்லாம் செலவு. இன்றைக்கு அந்தச் செலவில்லை. ஆட்டங்கள் இணையக் கடையில் விற்கப்படுகின்றன. ஒரு நாட்டைச் சேர்ப்பதற்குக் கட்டடம் தேவையில்லை. அப்படியும் சேர்க்கவில்லை என்பதுதான் கவலை. 2024 மே மாதம் இது வெளிச்சத்துக்கு வந்தது. 'ஹெல்டைவர்ஸ் 2' என்ற ஆட்டத்தைக் கணினியில் காசு கொடுத்து வாங்கியவர்களும் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வேர்க் கணக்கைத் திறக்க வேண்டும் என்று சோனி அறிவித்தது. அந்தக் கணக்குச் சேவை இல்லாத 177 நாடுகளிலும் ஆள்புலங்களிலும் ஆட்டத்தின் விற்பனையே நிறுத்தப்பட்டது. உலகெங்கும் எதிர்ப்புக் கிளம்ப, சில நாட்களில் அந்த நிபந்தனையைக் கைவிட்டார்கள். அந்த 177இல் இலங்கையும் ஒன்று. இங்கே பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர் வேறொரு நாட்டு முகவரியைக் கொடுத்துக் கணக்குத் திறக்கிறார். காசு கொடுத்து நேர்மையாக வாங்க நினைப்பவரையே பொய் முகவரி எழுத வைக்கும் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, களவுப் பிரதியைப் பற்றி முறையிடுவது பொருந்தாது.

பழைய ஆட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் இப்போது கடையில் முறையாக வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டுச் சொன்னது. அமெரிக்காவிலேயே இப்படி என்றால் நம் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. நின்டெண்டோ தானே 2016 நவம்பரில் 30 ஆட்டங்கள் அடங்கிய சிறிய 'கிளாசிக்' கருவியை வெளியிட்டது. வரிசையில் நின்று வாங்கினார்கள், 20 இலட்சத்துக்கு மேல் விற்றது. அடுத்த ஏப்ரலில் உற்பத்தியை நிறுத்தியது. நிறுத்திய இடைவெளியில் அதே தோற்றத்தில் '620 ஆட்டங்கள்' என்று எழுதிய பெட்டிகள் உலகச் சந்தையை நிறைத்தன. 2018இல் அசல் திரும்பி வந்தபோது நகல் ஏற்கெனவே வீடுகளில் குடியேறியிருந்தது.

எனினும் எல்லா நகலையும் ஒரே தட்டில் வைப்பது பிழை. முதலாவது, பழைய கசெட்டை ஓட்டும் புதிய கருவி. ஃபேமிகாமின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. தன் சொந்தப் பெயரில் அப்படியொரு கருவியைச் செய்து விற்பதில் தவறில்லை. இரண்டாவது, உள்ளே ஆயிரக்கணக்கான ஆட்டங்களை அனுமதியின்றி அடைத்து விற்பது. ஆட்டங்களின் பதிப்புரிமை இன்னும் பல பத்தாண்டுகளுக்கு உயிரோடு இருக்கிறது, ஆகவே இது உரிமை மீறல்தான். ஆனால் வாங்குபவருக்குத் தான் வாங்குவது என்னவென்று தெரியும். மூன்றாவதுதான் என் பார்வையில் மன்னிக்க முடியாதது: கொப்பியை அசல் என்று சொல்லி அசலின் விலைக்கு விற்பது. பழைய சாமான் சேகரிக்கும் ஆசை வளர வளர இந்த மோசடியும் வளர்கிறது. கேம்போய் என்ற கைக்கருவியின் கசெட்டுகளில், குறிப்பாகப் போகிமொன் கசெட்டுகளில், இது மலிந்து கிடக்கிறது. விளையாடி முன்னேறியதைச் சேமித்து வைக்கும் வசதி அவற்றில் பல தடவை வேலை செய்யாது. ஒரு மாத விளையாட்டு ஒரே இரவில் அழிந்துபோகும்.

ஆகவே வாங்குபவர்கள் சிலவற்றைப் பார்க்க வேண்டும். அசல் கசெட்டின் பலகையில் நின்டெண்டோவின் பெயர் பதிந்திருக்கும். பல அசல் கசெட்டுகளின் திருகாணி சாதாரணத் திருப்புளிக்கு இடங்கொடாது. உள்ளே கறுப்புப் பசைத்துளி மட்டும் இருந்தால் அசல் அல்ல என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியிலுள்ள ஆட்ட எண்ணிக்கையை நம்ப வேண்டாம், ஒரே ஆட்டம் பல பெயரில் திரும்பத் திரும்ப வரும். மலிவுப் பெட்டியோடு வரும் அடெப்டரை இரவெல்லாம் செருகி விடாதீர்கள், அது சூடேறும். விற்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: கொப்பியைக் கொப்பி என்று சொல்லியே விற்றுவிடுங்கள், வாங்குபவர் தெரிந்து வாங்கட்டும். அரசாங்கமும் வர்த்தக சங்கங்களும் சோனி, நின்டெண்டோ போன்ற கம்பனிகளிடம் கேட்க வேண்டியது, கடையைச் சோதனை போடுவதற்கு முன், இணையக் கடையின் நாட்டுப் பட்டியலில் இலங்கையைச் சேர்க்கச் சொல்வது. பிளேஸ்டேஷன் நெட்வேர்க் பட்டியலில் இந்தியா இருக்கிறது, இலங்கை இல்லை.