பல்கலைக்கழக மாணவரும் சமயத் தொண்டரும்

பள்ளிப் பிள்ளைக்கு வீட்டிலே பெற்றோரும் வகுப்பிலே ஆசிரியரும் துணையாவர். பல்கலைக்கழகம் புகுந்த இளைஞனோ இருபது வயதில் வீட்டையும் ஊரையும் விட்டுத் தன் மொழி பேசாத அயலாருடன் ஒரே விடுதியில் உறைகின்றான். அவனுக்குப் பாடஞ் சொல்வோர் பலருளர். பாடம் முடிந்தபின் ‘உண்டாயா, உறங்கினாயா’ என வினவுவோர் அரியர். இக்குறையை நிறைக்கும்பொருட்டே சமயப் பணிக்குத் தம்மை ஒப்புவித்த பெரியோர் சிலர் உயர்கல்வி மாணவரிடையே சென்று வாழ்ந்தனர். இலங்கைத் தீவில் அவ்வாறு வாழ்ந்தவருள் மூவரை எடுத்து, அவர் செய்தது யாது, விளைந்தது யாது, வன்னியில் வாழும் நமக்கு அதனால் வரும் கடமை யாது என்பவற்றை இம்மலரில் விளக்கப் புகுகின்றோம்.

முதலாமவர் தானியேல் பூவர் என்னும் அமெரிக்கப் பாதிரியார். 1816 இல் யாழ்ப்பாணம் வந்த இவர், 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரிக்கு முதல் அதிபரானார். பல்கலைக்கழகம் என்னும் பெயர் அதற்கு இல்லை. எனினும் தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானசாஸ்திரமும் ஆங்கே உயர்தரத்திற் கற்பிக்கப்பட்டன. பூவர் தமிழை நன்கு கற்று, தமிழிலேயே மக்களுடன் பேசினார். 1855 இல் மானிப்பாயில் வாந்திபேதி கண்டு இறந்தார். அவ்வாண்டிலேயே, சுவிசேஷப் பணிக்கே முதலிடம் வேண்டுமென மிஷன் மேலிடத்தார் கருதியமையால் செமினரியும் மூடப்பட்டது. ஆயினும் இரண்டாண்டு கழித்து, 1857 இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பி. ஏ. பரீட்சையிற் சித்தியெய்திய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அச்செமினரியிற் பயின்றவரே. தாமோதரம்பிள்ளை பின்னாளிற் சைவராய் நின்று பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார் என்பதை யாவரும் அறிவர். மிஷனார் விதைத்த நோக்கம் வேறு; விளைந்த பயன் வேறு. சமயம் மாறினாலும் மாறாவிட்டாலும் கற்பித்த கல்வி மாணவனிடத்தே நிலைத்து நிற்கும் என்பதற்கு இஃதோர் சான்று.

இரண்டாமவர் நம்மவர் நெஞ்சில் நீங்கா இடம்பெற்ற சுவாமி விபுலானந்தர். 1892 இல் காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார், கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பில் கத்தோலிக்கரின் அர்ச். மைக்கேல் கல்லூரியிலும் கற்றார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார்; மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரானார்; இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியுமானார். யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் போதித்து, மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபராகவும் அமர்ந்தார். பிற சமயத்தார் கைப்பட்ட கல்வியும் தம் சமயப் பற்றும் அவரிடத்தே ஒன்றோடொன்று பொருதவில்லை என்பது கருதற்பாலது. 1922 இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்து, 1924 இல் துறவு பூண்டு, ஈழம் மீண்டு மிஷன் பாடசாலைகளை நடத்தினார். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் எழுந்த சிவானந்த வித்தியாலயம் அவர் முயற்சியின் பயனே.

1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அவர் அமர்ந்தபோது, பகலிலே பட்டதாரி மாணவருக்குப் பாடஞ் சொன்ன அப்பெரியார், மாலையிலே அயலிலுள்ள திருவேட்களத்துச் சேரிப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். பேராசிரியர் கதிரையும் சேரித் திண்ணையும் அவருக்கு ஒன்றே. அதனைக் கண்ட மாணவன் கற்ற பாடம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாதது.

கொழும்பில் 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருப்பெற்றது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் ஆகிய நால்வகை இளைஞரும் ஆங்கில மொழியாற் கற்ற இடம் அது. 1943 இல் ஆங்கே முதல் தமிழ்ப் பேராசிரியராய் வந்தபோது அடிகளாருக்கு வயது 51. இமயமலைச் சாரலில் மாயாவதி ஆச்சிரமத்திலிருந்து ‘பிரபுத்த பாரத’ இதழை நடத்தியவர், காவியுடையோடு விரிவுரை மண்டபத்துட் புகுந்தார். சேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழ் மரபு கொண்டு ஆராய்ந்த ‘மதங்கசூளாமணி’யையும், பழந்தமிழரின் யாழைக் கணிதத்தாலும் இசையிலக்கணத்தாலும் மீட்டுக் காட்டிய ‘யாழ்நூ’லையும் ஆக்கியவரிடம், தமிழ் பிற துறைகளோடு உறவாட வல்லதென்பதை மாணவர் நேரிற் கண்டனர். யாழ்நூல் 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19 ஆந் திகதி அவர் கொழும்பில் மறைந்தார். அவருடைய மாணவருள் ஒருவரான சு. வித்தியானந்தன் 1979 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார்.

மூன்றாமவர் தனிநாயக அடிகளார். 1913 இல் கரம்பனிற் பிறந்து, உரோமாபுரியிற் பயின்று கத்தோலிக்கக் குருவானவர். 1952 முதல் 1961 வரை இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வித்துறை விரிவுரையாளராயிருந்தார். 1956 இல் சிங்களம் மட்டும் சட்டமும் 1958 இல் இனக்கலவரமும் நாட்டைப் பிளந்த ஆண்டுகள் அவை. அக்காலத்தில் அவர் தமிழரிடமே தமிழின் பெருமை பேசி அமையவில்லை. ‘தமிழ்க் கல்சர்’ என்னும் ஆங்கில ஏட்டின் வாயிலாகப் பிறமொழியாளர்க்கு அதனை எடுத்துரைத்தார். 1964 இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966 இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடவும் முன்னின்றவர் அவரே.

இம்மூவர் வாழ்விலும் பொதுவாய் விளங்குவன மூன்று. முதலாவது, தம் துறையில் ஐயமறக் கற்றிருந்தமை. கல்லாதவனின் பக்தி பல்கலைக்கழகத்தில் எடுபடாது. இரண்டாவது, பிறர் மொழியைக் கற்றமை, அல்லது பிறர்க்கு விளங்கும் மொழியிற் பேசியமை. மூன்றாவது, தம் சமயத்தை மறையாதிருந்தமை. காவியும் அங்கியும் யாவர் கண்ணுக்கும் தெரிய நின்றன. அவ்வாறு நின்றமையாலேதான், அவரை அணுகிய பிற சமய மாணவன் தானும் தன் சமயத்தவனாகவே அஞ்சாது நிற்க முடிந்தது. யாவருக்கும் பொதுவாவேன் என்று தன்னை அழித்துக்கொள்பவனைக் காட்டிலும், தன்னிலையில் நின்று பிறனை மதிப்பவனிடமே இளைஞர் நம்பிக்கை கொள்வர்.

இனி வன்னிக்கு வருவோம். நம் முன்னோர் காலத்திலே பல்கலைக்கழகம் என்பது இரயிலேறிச் சென்றடையும் தொலைவிடம். இன்று அது நம் வாயிலில் நிற்கின்றது. வவுனியாவில் 1997 முதல் வளாகமாயிருந்தது 2021 ஆகத்து முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் இயங்குகின்றன. 2009 இல் முடிவுற்ற போரின் வடுக்கள் ஆறாத இம்மண்ணுக்குத் தென்னிலங்கைச் சிங்களப் பிள்ளைகளும் கிழக்கிலங்கை முஸ்லிம் பிள்ளைகளும் கற்க வருகின்றனர். அவருட் பலருக்குத் தமிழரோடு ஒரு கூரையின்கீழ் வாழ்வது இதுவே முதன்முறை. நம் பிள்ளைகளுட் பலருக்கும் அவ்வாறே. இந்த நாலாண்டில் அவர் ஒருவரையொருவர் அறியாது பிரிவராயின், எஞ்சிய நாற்பதாண்டும் ஊரார் சொன்ன கதையையே நம்பி வாழ்வர்.

அவர்க்கு விபுலானந்தர் ஒருவர் வருவாரென நாம் காத்திருத்தல் தகாது. அத்தகைய பெரியோர் நூற்றாண்டிற்கு ஒருவரே தோன்றுவர். ஆயின் அவர் செய்த பணியின் ஒரு கூற்றை நம் பழைய மாணவர் எவரும் செய்யலாம். ஓய்வுபெற்ற ஆசிரியரொருவர் சிங்கள மாணவர் நால்வருக்கு வாரம் ஒருமுறை தமிழ் சொல்லிக் கொடுக்கலாம். அவரிடமிருந்து சிங்களமும் கற்கலாம். அறை வாடகைக்கு விடுவோர், வந்த பிள்ளை காய்ச்சலாய்க் கிடக்கும்போது ஒரு கோப்பை கஞ்சி கொடுக்கலாம். தைப்பொங்கலன்று ஊருக்குப் போக இயலாதவனை வீட்டுக்கு அழைத்து ஒரு வாழையிலை போடலாம். அவன் நோன்பு நோற்பவனாயின் நோன்பு துறக்கும் நேரமறிந்து அழைக்கலாம். இவற்றிற்குத் துறவு வேண்டுவதில்லை, பட்டமும் வேண்டுவதில்லை.

நம் கல்லூரி ‘இந்து’ என்னும் பெயரைத் தாங்குவது. அப்பெயருக்கு அழகு, அதன் பழைய மாணவர் வீட்டுப் படலை எச்சமயப் பிள்ளைக்கும் திறந்திருத்தலேயாம். இவ்விழா ஆண்டில் எழும் கட்டடங்களோடு இவ்வழக்கமும் எழுமாயின், வன்னியிற் கற்றுச் சென்ற அயலூர்ப் பிள்ளைகள் தத்தம் ஊரில் நம்மைப்பற்றி நல்லதொரு சொல்லைச் சொல்வர். அதனினும் சிறந்த நினைவுச் சின்னம் நாம் எழுப்புதற்கில்லை.