ஆஸ்துமாவுக்கான மின்தூண்டல் சிகிச்சை

ஆஸ்துமாவுக்கான மின்தூண்டல் சிகிச்சை என்பது, மெல்லிய மின்துடிப்புகளால் நரம்பைத் தூண்டி, சுருங்கிய மூச்சுக்குழாய்களைத் தளர்த்த முயலும் மருத்துவ முறை ஆகும். இது இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

செயற்பாடு

மூளையிலிருந்து கழுத்து வழியாக நுரையீரலை அடையும் வேகசு நரம்பு, அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளை வெளியிட்டு மூச்சுக்குழாய்த் தசைகளைச் சுருக்குகிறது. ஆகவே, அதனைத் தூண்டினால் மூச்சுத்திணறல் கூடும் என்றே தோன்றும். ஆனால் இந்நரம்பில் மூளைக்குச் செய்தி கொண்டுசெல்லும் உணர்விழைகளும் உள்ளன. வலுக்குறைந்த தூண்டல் இவற்றை மட்டும் இயக்குவதாகவும், அதன் விளைவாகப் பரிவு நரம்பு மண்டலம் செயற்பட்டுத் தசைகள் தளர்வதாகவும் கருதப்படுகிறது. கினி எலிகளிலும் பன்றிகளிலும் இத்தகைய தளர்வு காணப்பட்டதை 2009 இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

பயன்பாடு

கழுத்தின் மேல் வைத்து இயக்கும் காமாகோர் கருவிக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 சூலையில் அவசரகால அனுமதி அளித்தது. கோவிட்-19 தொற்றுடன் ஆஸ்துமா மூச்சுத்திணறலும் மிகுந்து, மருந்துகள் போதிய பயன் தராத அல்லது ஒவ்வாத வயதுவந்தோருக்கென அது வழங்கப்பட்டது.

வரம்புகள்

ஆஸ்துமாவின் அடிப்படை மூச்சுக்குழாய் அழற்சியாகும். அதைக் கட்டுப்படுத்தும் உள்ளிழுப்பு ஸ்டீராய்டு மருந்துகளுக்கு மின்தூண்டல் மாற்று அன்று. இதனை நம்பி இன்ஹேலரைக் கைவிடுவது உயிருக்கே ஆபத்தாகலாம்.