பெரம்பலூர் டு அரியலூர்... அதுக்கும் மேல 12 கி.மீ! மராத்தான் வீராங்கனை ஜெய்ஷாவின் ஓட்டம் சொல்வது என்ன?

பெரம்பலூரில் இருந்து அரியலூருக்கு சுமார் 30 கி.மீ. பஸ்ஸில் போனாலே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். அந்தத் தூரத்தை ஓடியே கடந்து, அரியலூரிலும் நிற்காமல் இன்னும் 12 கி.மீ. ஓடினால்? அதுதான் மராத்தான். துல்லியமாகச் சொன்னால் 42.195 கி.மீ.

இந்தத் தூரத்தை 2 மணி 34 நிமிடம் 43 விநாடியில் ஓடியவர் ஓ.பி.ஜெய்ஷா. 2015-ல் அவர் படைத்த தேசிய சாதனை இது. அடுத்த ஆண்டே ரியோ ஒலிம்பிக்கில் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்தார். ஒரே வருஷத்தில் என்ன ஆச்சு?

யார் இந்த ஜெய்ஷா?

கேரளாவின் வயநாடு மாவட்டம், திருச்சிலேரி கிராமத்தில் 1983-ல் பிறந்தவர். வறுமையான குடும்பம். சின்ன வயசில் பசிக்கு மண்ணைத் தின்ற நாட்களும் உண்டு என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அவர் முதலில் மராத்தான் வீராங்கனை இல்லை. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 5,000 மீட்டரில் வெண்கலம். எட்டு வருஷம் கழித்து, 2014 இன்சியானில் 1,500 மீட்டரில் மீண்டும் வெண்கலம். 31 வயசுக்குப் பிறகுதான் மராத்தானில் அவர் பெயர் பேசப்பட்டது.

சாதனை எவ்வளவு பெரிசு?

2015 ஜனவரி, மும்பை மராத்தான். ஜெய்ஷா எடுத்துக்கொண்ட நேரம் 2:37:29. அதுவரை தேசிய சாதனையாக இருந்தது, 1995-ல் சென்னையில் சத்யபாமா ஓடிய 2:38:10. 19 வருஷமாக யாராலும் தொட முடியாத நேரம் அது.

அதே ஆண்டு ஆகஸ்ட், பெய்ஜிங் உலக சாம்பியன்ஷிப். 2:34:43-ல் ஓடி 18-வது இடம். தன்னுடைய சாதனையையே கிட்டத்தட்ட மூன்று நிமிடம் குறைத்தார். கணக்குப் போட்டால் ஒரு கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 40 விநாடி. அதே வேகத்தில் 42 கிலோமீட்டரும் ஓடணும். 2019 மும்பை மராத்தானில் சுதா சிங் 2:34:56 வரை நெருங்கி வந்தார். வெறும் 13 விநாடியில் சாதனை தப்பியது.

ரியோவில் என்ன நடந்தது?

2016 ஆகஸ்ட் 14. கடும் வெயில். ஜெய்ஷா 2:47:19-ல் ஓடி 89-வது இடம் பிடித்தார். அவருடைய சிறந்த நேரத்தைவிட 12 நிமிடத்துக்கும் மேல் அதிகம். முடித்ததும் சரிந்து விழுந்தவருக்கு மருத்துவக் குழு சிகிச்சை அளித்தது.

மற்ற நாட்டு வீராங்கனைகளுக்கு அவரவர் மேஜையில் பானங்கள் தயாராக இருந்தன, இந்தியாவின் மேஜையில் யாருமே இல்லை, போட்டி அமைப்பாளர்கள் வைத்த தண்ணீரை மட்டும் குடித்து ஓடினேன் என்றார் ஜெய்ஷா. இந்திய தடகள சம்மேளனம் இதை மறுத்தது. தனி பானம் வேணுமா என்று முன்கூட்டியே கேட்டோம், வீராங்கனையும் பயிற்சியாளரும் வேண்டாம் என்றார்கள் என்பது சம்மேளனத்தின் பதில். விளையாட்டு அமைச்சகம் விசாரிக்க இரண்டு பேர் குழுவை அமைத்தது.

தனக்குப் பிடித்தது 1,500 மீட்டர்தான், மராத்தான் அல்ல என்றும் அப்போது ஜெய்ஷா சொன்னார். பலரும் கவனிக்காமல் விட்டது இதைத்தான்.

தண்ணி மட்டும் போதாதா?

போதாது. ஓடுவதற்கான சர்க்கரைச் சத்தை தசையும் கல்லீரலும் சேமித்து வைத்திருக்கும். வேகமாக ஓடினால் அது சுமார் 30 கி.மீ. வரைதான் தாக்குப்பிடிக்கும். அதாவது, பெரம்பலூரில் கிளம்பியவருக்கு அரியலூர் எல்லையில் சத்து தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு கால் கனக்கும், வேகம் சரியும். வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகும். அதனால்தான் சர்க்கரையும் உப்பும் கலந்த பானத்தை வழி நெடுக கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறார்கள். வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே ஆபத்தாகலாம்.

நம்ம பக்கத்தில் யாராவது?

இருக்கிறார். பக்கத்து புதுக்கோட்டையைச் சேர்ந்த எல்.சூர்யா. 2016 குவாஹாட்டி தெற்காசிய விளையாட்டில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். 2017 டெல்லி அரை மராத்தானில் 1:10:31-ல் ஓடி, இந்தியப் பெண்களில் முதலிடம். அந்தப் போட்டியில் லலிதா பாபர் 2015-ல் ஓடிய 1:10:52 என்ற நேரத்தை முந்தினார். 21 கிலோமீட்டரை இவ்வளவு வேகமாக ஓடும் ஒருவர் காவிரிக்கு இந்தப் பக்கத்து மாவட்டங்களுக்கு எட்டாத தூரத்தில் இல்லை.

பெரம்பலூர், அரியலூர் பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கு?

பெரம்பலூரில் மாணவிகளுக்கான அரசு விளையாட்டு விடுதி இருக்கிறது. போலீஸ் வேலைக்கான உடல்தகுதித் தேர்வுக்காக விடிகாலையில் ஓடும் பெண்களும் இந்தப் பகுதியில் உண்டு. ஆனால் அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல், சிமென்ட் லாரி ஓடும் சாலையில் நீண்ட தூரப் பயிற்சி சுலபமில்லை. வெயிலும் ஏறிவிடும். இங்கே ஓட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

* பள்ளி வயதில் முழு மராத்தான் வேண்டாம். பெரிய போட்டிகளில் 18 வயது நிரம்பியவர்களுக்குத்தான் அனுமதி. 1,500, 3,000 மீட்டரில் தொடங்கலாம். ஜெய்ஷாவின் அடித்தளமும் டிராக்தான்.
* வெயில் ஏறும் முன் பயிற்சியை முடிக்கணும். லாரி போகும் சாலையைவிட மைதானம் நல்லது.
* போட்டி அன்று புதுசாக எதையும் குடிக்கக் கூடாது. எதை, எப்போ குடிப்பது என்பதையும் பயிற்சியிலேயே பழகணும்.
* எந்தத் தூரம் ஓடுவது என்று முடிவெடுக்கும்போது ஓடுகிற பெண்ணையும் ஒரு வார்த்தை கேட்கணும்.

திறமை வயநாட்டில் இருந்தும் வரும், புதுக்கோட்டையில் இருந்தும் வரும். நாளைக்கு பெரம்பலூரில் இருந்தோ அரியலூரில் இருந்தோ வரலாம். அப்படி ஒருத்தி ஓடும்போது, 30-வது கிலோமீட்டரில் அவளுக்கான மேஜை காலியாக இருக்கக் கூடாது.