புழுவெட்டு: புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை! குழந்தைகளுக்கு ஏன் வருகிறது?

பள்ளிக்கூடத்துக்குத் தலை சீவும்போதுதான் பெரும்பாலும் கண்ணில் படும். பின்னந்தலையில் ஒரு ரூபாய் அளவுக்கு, வழுவழுவென்று ஒரு வட்டம். போத்தனூர்ப் பக்கம் என்றால், "பூச்சி வெட்டிருச்சு கண்ணு, சின்ன வெங்காயத்த அரைச்சுத் தேய்ச்சு விடு" என்று பாட்டிமார் உடனே வைத்தியம் சொல்லிவிடுவார்கள்.

ஆனால், எந்தப் பூச்சியும் வெட்டவில்லை. 'அலோபீசியா ஏரியேட்டா' என்பது இதன் மருத்துவப் பெயர். கிருமிகளோடு சண்டை போட வேண்டிய வெள்ளை அணுக்கள், முடியின் வேர்க்காலையே எதிரி என்று நினைத்துத் தாக்குகின்றன. ஒட்டுவாரொட்டி கிடையாது. வகுப்பில் அந்தக் குழந்தையைத் தனியாக உட்கார வைக்க வேண்டியதே இல்லை.

பரம்பரையா? "எங்க வீட்ல யாருக்கும் இல்லீங்களே" என்பார்கள் பெற்றோர். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஏஞ்சலா கிறிஸ்டியானோவின் குழு, 1,054 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2010-ல் முடிவுகளை வெளியிட்டது. (அவருக்கும் இதே பிரச்சினை வந்தது.) சிக்கியவற்றில் பெரும்பாலானவை எதிர்ப்புச் சக்தியோடு தொடர்புடைய மரபணுக்கள். அவற்றில் சில, முதல் வகைச் சர்க்கரை நோயிலும் முடக்குவாதத்திலும் கண்டறியப்பட்டவை. அதனால், "வீட்டில் யாருக்காவது தைராய்டு இருக்கா?" என்று டாக்டர் கேட்டால், சம்பந்தமில்லாத கேள்வி என்று நினைக்காதீர்கள். அதேசமயம், ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் இது வருவதும் உண்டு. அம்மா வழியா, அப்பா வழியா என்று பஞ்சாயத்து வைப்பது வீண்.

வேர்க்கால் அழிந்துவிடுவதில்லை என்பதுதான் ஆறுதல். ஒன்றிரண்டு வட்டங்கள் என்றால், பலருக்கு ஒரு வருடத்துக்குள் முடி தானாகவே முளைத்துவிடும். வெங்காயத்துக்குப் பெயர் கிடைப்பதும் பெரும்பாலும் இப்படித்தான். குண்டுமணியை அரைத்துத் தேய்ப்பதோ ஆபத்து. அதில் கொடிய நஞ்சு இருக்கிறது.

சிறு குழந்தைகளுக்கு டாக்டர்கள் முதலில் தருவது ஸ்டீராய்டு களிம்பு. வலி தாங்கும் வயதென்றால் வட்டத்திலேயே ஊசி போடுவார்கள். தலை முழுக்கக் கொட்டியவர்களுக்கு ரிட்லிசிட்டினிப் என்ற மாத்திரையை, 12 வயதுக்கு மேல் கொடுக்கலாம் என்று 2023 ஜூனில் அமெரிக்கா அனுமதித்தது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து என்பதால் தொற்று வரலாம். ரத்தப் பரிசோதனை அவசியம். நிறுத்தினால் முடி மறுபடியும் கொட்டலாம்.

வட்டத்தில் செதில், அரிப்பு, ஒடிந்த முடி இருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அது ஒட்டிக்கொள்ளும், வாய்வழி மருந்து தேவைப்படும், ஸ்டீராய்டு களிம்பு தடவினால் இன்னும் மோசமாகும். எனவே, மெடிக்கல் ஷாப்பில் களிம்பு கேட்டு வாங்கும் முன், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவிலோ, பக்கத்துத் தோல் டாக்டரிடமோ ஒருமுறை காட்டிவிடுங்கள்.