காத்திருக்கும் நேரத்தில் பிள்ளை வளர்ப்புப் பாடம்

பிள்ளை வளர்ப்பில் பெற்றோருக்கு வழிகாட்ட, பணியாளர் வாரந்தோறும் வீடு தேடிப் போவதே சிறந்த முறை என்று கருதப்பட்டது. ஜமைக்காவில் 1980-களில் அப்படி நடந்த திட்டம், வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் அறிவுத்திறனை உயர்த்தியது. பெரியவர்களானபின் அவர்கள் ஈட்டிய வருமானமும் கூடியிருந்தது. ஆனால் வீட்டுக்கு வீடு ஆள் அனுப்ப எல்லா நாடுகளாலும் முடிவதில்லை. அதனால் ஜமைக்கா, ஆன்டிகுவா, செயின்ட் லூசியா தீவுகளில் இன்னொரு வழி சோதிக்கப்பட்டது. குழந்தையுடன் சுகாதார நிலையத்துக்கு வரும் தாய்மார் காத்திருக்கும் இடத்திலேயே குறும்படங்கள் காட்டப்பட்டன. பிறகு சுகாதாரப் பணியாளர் அவர்களோடு கலந்து பேசி, குழந்தையுடன் விளையாடிப் பழக வைத்தார். குழந்தைக்கு 3 மாதம் முதல் 18 மாதம் வரை, மொத்தம் 5 முறைதான்.

இது வீட்டுச் சந்திப்புக்கு ஈடாகுமா? முழுமையாக ஆகாது. 2015-இல் வெளியான முடிவுகளின்படி, பேச்சுத்திறனில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. ஆனாலும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியும், வளர்ப்பு பற்றிய பெற்றோரின் புரிதலும் மேம்பட்டன; இதற்கென்று குடும்பம் தனியாக அலையவும் வேண்டியிருக்கவில்லை. ஆகவே, கூடுதல் கவனம் தேவைப்படும் குழந்தைகளுக்கு வீட்டுச் சந்திப்பு, மற்ற எல்லோருக்கும் சுகாதார நிலையத்துப் பாடம் என்று இரண்டையும் சேர்த்து நடத்துவதே விவேகம்.